பிளந்த இடத்திலேயே

4 டிசம்பர் 1979, செவ்வாய்
புதூர்நாடு

மழை விட்டது. சனாவுல்லா பாயின் ஜீப் வழியெல்லாம் நின்று நின்று, என்னையும் இறங்கித் தள்ள வைத்து, ஒருவழியாக மலைமேல் கொண்டுவந்து சேர்த்தது. வாணியம்பாடிக்காரர். தோல் மண்டி வேலையை விட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறார். "கல்லு பாக்கவா இம்மாந் தூரம் வந்தீங்க? கீழ இல்லாத கல்லா?" என்றார். நியாயமான கேள்விதான்.

பதிலை எனக்கே ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். எழுபது கோடி ஆண்டுகளுக்கு முன்னால் திருப்பத்தூர்ப் பக்கம் நிலம் இரண்டாகப் பிரியப் பார்த்தது. பாதியில் நின்றுபோனது. அந்தப் பிளவு வழியே ஆழத்திலிருந்து சுண்ணாம்புக் குழம்பு ஏறி வந்து பாறையாக உறைந்தது. மலைக்குக் கீழே சேவத்தூரில் அது இருக்கிறது. அமிலம் சொட்டினால் நுரைக்கும். பிளவு அங்கேயே முடிகிறதா, இந்த ஜவ்வாது மலைக்குள்ளும் வருகிறதா? இதுதான் என் கேள்வி.

வராது என்கிறார் என்னை இங்கே அனுப்பிய பேராசிரியர் அருணகிரி. வருகிறது என்று காட்டினால் இன்னும் ஓராண்டு இங்கே வேலை. இல்லாவிட்டால் மார்ச்சோடு சரி. சேலத்தில் கிணற்று நீர்மட்டம் குறித்து வைக்கிற பிரிவில் எனக்காக ஒரு மேசை காத்திருக்கிறது. நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

7 டிசம்பர்

குளிர். களி. காலில் கொப்புளம். பாறை விஷயத்தில் ஒன்றுமில்லை.

12 டிசம்பர்

நான் தங்கியிருக்கும் வீடு மங்கம்மாளுடையது. என் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் என்னைவிட நீளம். சாமை புடைத்துக்கொண்டே, என்ன தேடுகிறேன் என்று கேட்டாள். நிலம் கிழிந்து, நின்று, ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன்.

"அதான் ஒட்டிக்கினு போச்சில்ல, அப்புறம் இன்னாத்துக்கு நோண்டுறீங்க?"

ஒட்டியது ஒட்டியதுதானா என்பதில்தானே சந்தேகமே! அட்லாண்டிக் கடல் திறந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதற்கும் முன்னால் வேறொரு கடல் திறந்து மூடியிருக்கிறது என்கிறார்கள். கண்டங்கள் பிரிந்த ஓரங்கள் பலவற்றுக்கு அடியில் பழைய பிளவுகள் கிடக்கின்றன. இவ்வளவு பெரிய நிலம், புதிதாக ஓரிடத்தில் உடைந்தால் என்ன? ஏன் போய்ப் போய் அதே இடம்? பழைய காயம் எத்தனை கோடி ஆண்டு ஞாபகம் இருக்கும்?

மங்கம்மாளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஏற்கெனவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

17 டிசம்பர்

நுரைத்தது! நுரைத்தது!

ஊருக்கு மேற்கே சரிவில் சின்னச் சின்னச் சாமிக்கற்கள், பாசி பிடித்து, பாதி மண்ணில் புதைந்து. சுத்தியலால் உடைத்துப் பார்க்கத்தான் முடியாது. "அது மேல சுத்தி வெக்காதீங்க. வெச்சீங்கன்னா எங்க வூட்ல சோறு கெடையாது" என்று வந்த அன்றே மங்கம்மாள் சொல்லிவிட்டாள். அதனால் யாரும் பார்க்காதபோது ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு அமிலம் மட்டும். எல்லாம் பொரிந்துகொண்டு நுரைத்தன. சாமி கோபித்துக்கொள்ளவில்லை. அதைவிட முக்கியம், கற்கள் எல்லாம் ஒரே வரிசையில், சேவத்தூர்ப் பிளவின் திசையிலேயே நிற்கின்றன.

அருணகிரி சாருக்கு உடனே கடிதம் எழுதினேன்.

2 ஜனவரி 1980

சாரின் பதில் வந்தது. இந்த வாரம் சென்னையில் நடக்கும் நிலவியல் கூட்டத்தில் என் கல் வரிசையைப் பற்றிச் சொல்லப்போகிறாராம். கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சனாவுல்லா பாயின் ஜீப் தேர்தல் வேலைக்குப் போய்விட்டது. எங்கும் நடைதான். நடக்கிறேன், காற்றில் மிதக்கிற மாதிரி.

11 ஜனவரி, வெள்ளி

எல்லாம் போயிற்று.

காலையில் மங்கம்மாளும் மற்றப் பெண்களும் குடத்தில் எதையோ கரைத்து எடுத்துக்கொண்டு மேற்குச் சரிவுக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்கப் பின்னால் போனேன். சுண்ணாம்பு. பொங்கலுக்குச் சாமிக்கற்களுக்கு வெள்ளையடிக்கிறார்கள். "வருசா வருசம் அடிக்கிறதுதான். மழையில எல்லாம் போய்டுது" என்றாள்.

எங்கே போய்டுது? மேலே இருந்த வெள்ளைதான் போயிருக்கிறது. கல்லின் துளையெல்லாம் சுண்ணாம்பு ஊறிக் கிடக்கிறது. நான் சோதித்தது எழுபது கோடி ஆண்டுப் பாறையை இல்லை, போன பொங்கலை. உடைத்துப் பார்க்காத பாறையைப் பற்றி எழுதாதே என்று முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள். அப்போ என் புத்தி எங்கே போச்சு? ஆசை — வேறு என்ன!

அழுதேன். மங்கம்மாள் என்னவோ ஏதோவென்று பயந்து, "இன்னாங்க, வூட்டு ஞாபகமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

18 ஜனவரி

திருப்பத்தூர் போய்ச் சாருக்கு டிரங்க் கால் போட்டேன்.

"சுண்ணாம்பா? வெள்ளையடிக்கிற சுண்ணாம்பா?"

"ஆமா சார்."

"நான் கூட்டத்துல சொல்லிட்டேனேம்மா."

அதோடு மூன்று நிமிடம் தீர்ந்துபோனது. திரும்பி வரும்போது பாய் வழியில் ஜீப்பை நிறுத்தினார். டீ வாங்கிக்கொடுத்தார்.

21 ஜனவரி

மூட்டை கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறிப்போய் ஒரு கேள்வி மட்டும் அரிக்கிறது. கல்லில் இருந்தது சுண்ணாம்பு, சரி. வரிசை? அதை யார் அடித்தார்கள்?

மங்கம்மாளிடம் கேட்டேன், ஏன் அங்கங்கே மட்டும் சாமி என்று. "தண்ணி ஊறுற எடத்துல வெப்பாங்க. காஞ்ச எடத்துல சாமிக்கு இன்னா வேல?"

ஊற்றுகள் ஏன் வரிசையாக வரவேண்டும்?

மூட்டையை அவிழ்த்தேன்.

29 ஜனவரி

கடைசிக் கல்லுக்குக் கீழே ஓடை கரையை ஆழமாக அறுத்திருக்கிறது. அங்கே சாமி இல்லை, சுத்தியல் வைக்கலாம். உடைத்தேன். நிதானமாக எழுதுகிறேன்.

முதலில், பாறை மாவாக அரைபட்டுக் கறுத்து இறுகியிருக்கிறது. அது பூமியின் வெகு ஆழத்தில், வெகு காலம் முன்பு நடந்தது. பிறகு அதே இடம் விரிந்து, உள்ளே இளஞ்சிவப்புப் பாறை ஏறியிருக்கிறது. சேவத்தூர்ச் சுண்ணாம்புக் குழம்போடு சேர்ந்து ஏலகிரியில் ஏறி உறைந்த அதே பாறை. அதுதான் நான் தேடிய பிளவு. பிறகு அந்தச் சிவப்பும் உடைந்து, ஒன்றோடொன்று உராய்ந்து வழவழவென்று கிடக்கிறது. அந்த உடைப்பு வழியாகத்தான் தண்ணீர் கசிகிறது.

ஒரு கை அகலத்துக்குள் மூன்று முறை. சுற்றிலும் முழு மலை உடையாமல் நிற்கிறது.

போன தடவை பட்டது போதும். கல்லை உடைத்து, அறுத்து, படம் எடுத்துச் சாருக்கு அனுப்புகிறேன். ஆச்சரியக்குறி ஒன்றுகூடப் போடவில்லை.

10 பிப்ரவரி

பதில் இல்லை.

17 பிப்ரவரி

இல்லை. சேலத்து மேசையைப் பற்றி நினைக்கப் பழகுகிறேன். பழகவில்லை.

24 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் சார் வந்து இறங்கினார், பாயின் ஜீப்பில், வேட்டி முழுக்கப் புழுதியோடு. அவரும் தள்ளியிருக்கிறார். வணக்கம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார். நேரே ஓடைக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கரையோரம் குந்தினார். என் பயம் எனக்கு. சென்னைக் கூட்டத்தில் என்னால் பட்ட அவமானத்துக்குத் திட்டத்தான் வந்திருக்கிறாரோ?

சிவப்புப் பாறையின் விளிம்பில் விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனார். விரல் மண்ணுக்குள் மறைகிற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இது வடக்கே எதுவரைக்கும் போகுது?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா? அடுத்த வருஷம் இதே நாள் கேப்பேன். அப்போ தெரிஞ்சிருக்கணும்."

வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, மங்கம்மாள் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நான் ஓடையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். தெரியாது என்று சொல்லி இவ்வளவு சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான்.