பாவு அசையாத இடம்

எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். பொய் கலந்தால் உனக்குப் பிடிக்காது.

இன்று உன் அம்மா உன் டிரான்சிஸ்டரை எனக்கே கொடுத்துவிட்டார். உள்ளே பேட்டரி கசிந்த நாற்றம். துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. நீ போன பிறகு எதைச் செய்தாலும் இப்படித்தான் அசதியாக இருக்கிறது.

இதயக் கோளாறால் உன் பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. இலங்கை நிலையத்துக்கு நேயர் விருப்பக் கார்டு போட்டிருந்தாய். உன் பெயரை வானொலியில் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. ஆனால் பொழுது சாய்ந்தால் குரல் தேயும், திரும்ப வரும். ஒரே அலை தரைவழியாகவும் வானத்தில் பட்டுத் திரும்பியும் வருகிறது, இரண்டும் இசைந்தால் ஓங்கும், முரண்பட்டால் அடங்கும் என்று படித்து வந்து சொன்னேன்.

“எங்க, காட்டு பாக்கலாம்” என்றாய்.

காலையில் தெருவில் பட்டுப் பாவு போட்டு, தறிக்கான நீள இழைகளை நீட்டிக் கட்டியிருந்தார்கள். ஒரு முனையை உன் வாசலில் உட்கார்ந்தபடியே நீ தட்டினாய், மறுமுனையை நான். ஓரிடத்தில் இழைகள் துள்ளின. சற்றுத் தள்ளி அசையவே இல்லை.

“இழ அறுந்தா யாரு முடி போடறது? பேஜார் புடிச்சதுங்களா!” என்று உன் அப்பா கத்தினார்.

“ரேடியோ ரிப்பேர் பண்ணிகினு இருக்கோம்பா” என்றாய்.

தெருவிலும் குரல் துள்ளும் இடம் இருக்குமே என்று மாலைதோறும் ரேடியோவோடு அலைந்தேன். கோயில் மதிலோரம் கணீரென்று கேட்டது. கரியால் கோடு போட்டுவைத்தேன். சனிக்கிழமை உன்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அங்கே தள்ளிக்கொண்டு போனேன்.

“ஆரணியிலிருந்து…” என்றது குரல். அத்தோடு தேய்ந்துபோனது. அது திரும்பி வந்தபோது நீ கேட்டிருந்த பாட்டு தொடங்கிவிட்டது.

நான் அழுதேன்.

“இன்னாத்துக்குடி அழுவுற? ஊரு பேரு வந்துடுச்சில்ல. அந்தப் பாட்ட என்ன உட்டா யாரு கேட்டிருப்பா? கம்முனு கேளு” என்றாய், மூச்சிரைக்க.

அடுத்த சனிக்கிழமைக்கு நீ இல்லை.

பாவுக்கு இரு முனையிலும் முளை அடித்திருந்தது. வானத்துக்கு யார் முளை அடித்தார்கள்? அது நகர்ந்தால் அடங்கும் இடமும் நகரும். நெசவுத் தெருவில் பிறந்த நம் இருவருக்குமே அது தோன்றவில்லை.

இன்று மாலை புது பேட்டரி போட்டு மதிலோரம் போய்க் கேட்டேன். கோடு பாதி அழிந்திருக்கிறது. குரல் தேய்ந்தபோது எப்போதும்போல் குமிழைத் திருகக் கை போனது. திருகவில்லை. உன்னைப்போல் கம்மென்று உட்கார்ந்திருந்தேன். பாட்டு திரும்பி வந்தது.

இன்னும் எழுத இருக்கிறது. அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.