வெட்டிய முருங்கைக்குத் தண்ணீர்

அண்ணே,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் சாணி வாடை போகவில்லை. நீ போன பிறகு உன் முருங்கை மரங்களை நான்தான் ஆள் விட்டு இடுப்பளவில் வெட்டினேன். வெயிலில் காய்ந்து வெடித்த வெட்டுவாயில் இன்று மறுபடியும் சாணி அப்பினேன். இந்தக் கட்டைகள் துளிர்க்காவிட்டால் மதினிக்கு வேறு வருமானம் கிடையாது. அந்தப் பயம் இத்தனை நாளும் என்னைத் தூங்கவிடவில்லை.

போன முறை நீ வெட்டியபோது மதினி ஒப்பாரி வைக்காத குறைதான். "இம்புட்டையும் வெட்டிப்புட்டு என்னத்தத் திங்க?" என்று கேட்டாள். நீ அரிவாளைக் கழுவிக்கொண்டே சிரித்தாய். "துளிர்க்குற வரைக்கும் தண்ணி மட்டும் பாய்ச்சிறாதீங்க. கட்டை அழுகிரும்" என்றாய். அப்புறம் துளிர்த்ததும் முதல் ஆளாகப் போய்க் கீரை ஒடித்தவள் அவள்தான். அதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை நாள் அவளைக் கேலி செய்தாய்!

இந்த முறை வெட்டிய மறுவாரம் தோட்டத்துக்குப் போகிறேன், மோட்டார் ஓடுகிறது. மதினி கட்டைக்குக் கட்டை தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மோட்டாரை நிறுத்தி, ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"புத்தி கெட்டுப்போச்சா மதினி? அண்ணன் சொன்னது மறந்துருச்சா?"

"சொன்னதக் கேட்டுத்தான அன்னைக்கும் இருந்தேன்" என்றாள். "ஆபரேசன் முடிஞ்சு அவுக தண்ணி கேட்டாக. இப்பக் கொடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரே ஒரு மடக்குத்தான் கேட்டாக. நான் கொடுக்கல."

எனக்குச் சாவியைக் கொடுக்க மனமில்லை. கடைசியில், "அந்த ஓரத்து மரத்துக்கு மட்டும் ஊத்துங்க" என்றேன். அன்றிலிருந்து தினமும் ஒரு குடம் சுமந்தாள். நான் மற்றக் கட்டைகளின் பட்டையை நகத்தால் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன்.

இன்று காலை எல்லாக் கட்டையிலும் பொடிப்பொடியாகத் துளிர். ஓரத்து மரத்திலும்தான்.

"பொழச்சுக்கிட்டோம் மதினி" என்றேன்.

அவள் இடுப்புக் குடத்தை இறக்கவில்லை. ஓரத்து மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி கொடுத்தும் இதுக்கு ஒண்ணும் ஆகலயே" என்றாள்.

அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். நீ தண்ணீர் கிடைக்காமல் சாகவில்லை. எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அவள் நம்பவேண்டுமென்றால் நீதான் வந்து சொல்லவேண்டும், அண்ணே.