கழுவிப் போட்ட ஜல்லி

பாளையங்கோட்டை
12.1.1997

அன்புள்ள ஜெமிமாவுக்கு,

ரூர்க்கிக் குளிரிலும் கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் அவர் கிருபையால் நன்றாக இருக்கிறோம், உன் தம்பி பெனோவுக்குத்தான் சளி விடவில்லை, நீயும் தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிவிட்டு வெளியே போ.

போன வாரம் அப்பா உனக்குப் போட்டோவெல்லாம் வைத்து ஐந்து பக்கம் எழுதினார்கள். உன் ஆய்வுக்காக வண்ணார்பேட்டை பக்கம் ஜூனில் போட்ட ரோட்டில், வெறும் தார் போட்ட நூறு மீட்டர் ஐப்பசி மழைக்குப் பதினோரு இடத்தில் பெயர்ந்துவிட்டது, பழைய டயர்த் தூள் கலந்த நூறு மீட்டரில் ஒரு கல்கூட அசையவில்லை என்று எழுதியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் கட்டுரையில் சேர்ப்பதற்கு முன் இதைப் படி.

புது வருஷ ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ரோடு போட்ட மேஸ்திரி எலியேசர் வந்து, "டீச்சரம்மா, ரோடு எப்படி நிக்குது பாத்தியளா, நம்ம பாப்பா பரீட்சை ரோடுல்லா, சும்மா விட்டிருவனா" என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். டயர்த் தூள் பக்கத்துக்கு மட்டும் ஜல்லியைக் கழுவிக் காயவைத்துப் போட்டாராம், ரோலரைப் பதினாலு தடவை ஓட்டினாராம். அடுத்த பக்கத்துக்கு எப்போதும்போலப் புழுதியோடு ஜல்லி, ஆறு தடவை ரோலர். அப்பா அன்று முழுக்கத் தூள் கரிந்துவிடாமல் தார் காய்ச்சுகிற இடத்தில் சூடு பார்த்துக்கொண்டு நின்றதால் இது எதுவும் தெரியவில்லை.

இரண்டு தொட்டிச் செடிகளை ஒப்பிடுவதென்றால் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வகுப்பில் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன். "அப்பம் பாப்பா ரோட்டையும் மோசமாப் போட்டிருக்கணுங்கியளா" என்று கேட்டார். அந்த இன்னொரு பக்கத்தையும் கழுவிய ஜல்லியில் போட்டிருக்கலாமே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. நாம் தினமும் நடக்கிற ரோடெல்லாம் அந்த இன்னொரு பக்கம்தானே என்றும் தோன்றியது.

அப்பாவிடம் சொன்னேன். "நீ கேக்காம இருந்திருந்தா என்ன" என்றார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஏப்ரலில் நீ கட்டுரை கொடுக்க வேண்டும், புனாவில் உனக்குக் கிடைத்திருக்கிற வேலையில் ஜூனில் சேர வேண்டும், மறுபடி போட்டுப் பார்ப்பதென்றால் இன்னொரு மழைக்காலம் வேண்டும், அந்த வேலை கைவிட்டுப் போகலாம். ரப்பர் தோற்றது என்று நான் சொல்லவில்லை. ரோடு நிற்பது ரப்பராலா, எலியேசர் கையாலா என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நேற்று அப்பாவே எலியேசர் வீட்டுக்குப் போய், அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தார்கள், அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கோடையில் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி போடலாம் என்கிறார்கள். மேலப்பாளையத்தில் டயர் ரீட்ரெடிங் கடை வைத்திருக்கும் அசன் முகம்மது அண்ணாச்சியும் நாலு மூட்டைத் தூள் எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால் காத்திரு என்பேன், ஆனால் கட்டுரையில் உன் பேர்தான் இருக்கும், முடிவும் நீ எடுப்பதுதான்.

எந்தப் பக்கம் போனாலும் கர்த்தர் உன்னோடு இருப்பார், எங்கள் ஜெபமும் உண்டு. மறக்காமல் எலியேசருக்கு ஒரு கார்டு போடு. அவர் தப்புச் செய்துவிட்டார் என்று எழுதாதே. ரோடு நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுது, அது பொய் இல்லை.

உன் அன்பு அம்மா,
லீலா சத்தியநேசன்