காது குத்திய மூன்றாம் நாள்

ஜூன் 5, வியாழன்

காலையிலேயே புழுதிக்காற்று. கடைக்கு லேட். ரெண்டு பைக் ஆயில் சர்வீஸ், ஒரு பஞ்சர்.

தங்கச்சி மாப்ள போன். புதன்கிழமைக்கு மும்பை ஃபிளைட் டிக்கெட் போட்டுவிட்டாராம், எனக்கும் தர்ஷுவுக்கும். ரெண்டு வயசு ஆகாததால் அவளுக்குத் தனி சீட் கிடையாதாம், என் மடிதான். "நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன் மச்சான், லீவு தரமாட்டேங்கிறாங்க" என்றார். குரலில் மரியாதை. கோபப்படவும் வழியில்லை.

தர்ஷுவைப் பெற்ற பிரசவத்தில் தங்கச்சி போய்விட்டாள். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் பொண்டாட்டி செல்வி கைக்கு வந்தது. எங்களுக்கு வேறு பிள்ளை கிடையாது. இப்போது மாப்ள மறுகல்யாணம் முடித்து மும்பையில் வீடு எடுத்துவிட்டார். பெற்றவர் கேட்கிறார். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நான் யார்?

செல்வியிடம் சொன்னேன். புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவே இல்லை. "நீங்க மட்டும் போங்க. நான் வந்தா குடுக்க மாட்டேன்."

ஜூன் 6, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடையில் கை ஓடவில்லை.

மத்தியானம்தான் உறைத்தது. பிள்ளைக்கு இன்னும் முடி இறக்கவில்லை, காது குத்தவில்லை. அங்கே போனால் மாப்ள புதுசாகக் கட்டியிருக்கிற அந்தப் பெண்ணின் தம்பி தாய்மாமன் என்று சம்மணம் போட்டு உட்காருவான். என் தங்கச்சி பிள்ளைக்கு எவனோ ஒருத்தன் மடி கொடுப்பதா? நான் என்ன செத்தா போனேன்?

ஞாயிறே வைத்துவிட்டேன். சோழவந்தான் பக்கம் எங்கள் குலசாமி கோயில். ஆசாரிக்குச் சொல்லியாச்சு. பட்டுப்பாவாடை, தோடு வாங்க வேண்டும்.

எதிர்வீட்டு நர்ஸ் அக்கா: "பிளேன் ஏறப் போற பிள்ளைக்கு இப்பக் காது குத்தாத தம்பி. புண்ணு ஆறணும்ல. இன்னொரு தடவை வாரப்ப பாத்துக்கிறலாம்."

"இன்னொரு தடவைன்னா எப்பக்கா? நீங்க சொல்லுங்க, எப்ப?" கத்திவிட்டேன். பாவம், அக்கா கதவைச் சாத்திக்கொண்டது.

செல்வி பிள்ளையைப் பழக்குகிறாள். போனில் அந்தப் பெண்ணின் போட்டோவைக் காட்டி, "இது யாரு? அம்மா." தன் நெஞ்சைத் தொட்டு, "இது யாரு? அத்தை." தர்ஷு ரெண்டுக்கும் அம்மா என்கிறாள். செல்வி மறுபடி முதலிலிருந்து. பார்க்க முடியவில்லை. வெளியே போய் வண்டியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

கோயில். நல்ல கூட்டம், பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

மொட்டை அடிக்கும்போது தூங்கிவிட்டாள். சந்தனம் பூசியதும் என் தங்கச்சி சின்ன வயசில் இருந்த அதே முகம். செல்வியும் பார்த்தாள்.

இடது காது சுலபம். வலதுக்குத் திமிறிவிட்டாள். ஆசாரி மறுபடி குத்த வேண்டியதாயிற்று. "நல்லா அமுக்கிப் பிடிங்கண்ணே, ஆடவிடாதீக." அமுக்கினேன். ரெண்டு கையாலும் தலையை இறுக்கி. வீறிடுவதற்கு முன் ஒரு நொடி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். மாமாவா இப்படிச் செய்வது என்கிற மாதிரி.

அதற்கப்புறம் என்னிடம் வரவில்லை. கை நீட்டினால், "மாமா வேணா." வாழைப்பழத்தைக் காட்டினால் பழம் மட்டும் வேண்டும், நான் வேண்டாம். பெரியப்பா சிரித்தார்: "ரெண்டு நாள்ல மறந்துரும், விடுடா."

எனக்கு மிச்சம் இருப்பதே ரெண்டு நாள்தான்.

ஜூன் 10, செவ்வாய்

கடை லீவு. வலது காது சிவந்து தடித்திருக்கிறது. தேங்காயெண்ணெயோடு கிட்டப் போனேன், வீடே அதிர அலறல். செல்விதான் போட்டாள். நர்ஸ் அக்கா மருந்து எழுதிக் கொடுத்தது. சொன்னேனா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பை: டயப்பர், பால் பாட்டில் ரெண்டு, காது மருந்து, மாற்றுத்துணி, குலசாமி திருநீறு, அவளுடைய தலை இல்லாத பொம்மை. தலை எங்கே என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

மும்பை. அடைமழை. ஏர்போர்ட் நாற்காலியில் எழுதுகிறேன். ரிட்டர்ன் ஃபிளைட் சாயங்காலம்.

காலையில் செல்வி பிள்ளையை என் தோளில் போட்டாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தும் வெளியே வரவில்லை.

மதுரை ஏர்போர்ட் செக்கிங்கில் இந்திக்காரர் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, என்ன பவுடர் என்றார். எனக்கு இந்தி வராது. ஒரு சிட்டிகை எடுத்து என் நெற்றியில் பூசிக் காட்டினேன். சிரித்து விட்டுவிட்டார். தர்ஷுவும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவை.

முதல் தடவை விமானம், எனக்கும் அவளுக்கும். அவளைச் சுற்றி ஒரு குட்டி பெல்ட், அது என் பெல்ட்டில் மாட்டும். கட்டுவதற்குள்ளேயே நெளிந்தாள். மேலே ஏறியதும் காதைப் பிடித்துக்கொண்டு கதற ஆரம்பித்தாள். பால் பாட்டிலைத் தட்டிவிட்டாள். தலையைத் தாங்கக் கை வைத்தேன், அவ்வளவுதான். மறுபடி குத்தப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். "மாமா வேணா! அம்மா! அம்மா!" நெஞ்சில் உதைக்கிறாள். பெல்ட் போட்டிருக்கிறது, எங்கே போவாள்? முன்சீட்டு ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

பெல்ட் லைட் அணைந்ததும் பக்கத்து சீட்டு அம்மா, "இப்படிக் குடுங்க தம்பி, சித்த நேரம்" என்று வாங்கினார். அவர் மடியில் அஞ்சு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். யாரென்றே தெரியாத மடி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேகம் எல்லாம் தெரிந்தது. யாருக்கு வேண்டும்?

வெளியே மாப்ளயும் அந்தப் பெண்ணும். பேர் கவிதா. ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. முதலில் காதைத்தான் பார்த்தது. "ஐயோ, வீங்கியிருக்கே. டாக்டர்ட்ட காட்டிரலாம்ணே, நீங்க கவலப்படாதீங்க." கை நீட்டியது. தர்ஷு பார்த்தாள். போட்டோவில் பார்த்த முகம். "அம்மா?" என்றாள். தாவிவிட்டாள்.

"வீட்டுக்கு வாங்க மச்சான், ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்" என்றார் மாப்ள. கடை கிடக்கு என்றேன். மருந்து எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தேன். குனிந்து முத்தம் கொடுக்கப் போனேன், ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு கவிதா கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். காலில் மட்டும் கொடுத்தேன்.

கார் போகிற வரை நின்றேன். தர்ஷு திரும்பிப் பார்க்கவில்லை. அழாமல் போக வேண்டும் என்றுதான் குலசாமியைக் கும்பிட்டேன். அழவில்லை. இதற்கா கும்பிட்டேன்?

ஜூன் 12, வியாழன்

கோச்சடை வீடு. வானம் மூட்டம், மழை இல்லை. செல்வி இட்லி வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"என்னையத் தேடுனாளா?"

"தேடுனா. பிளேன்ல அம்மா அம்மான்னு ஒரே அழுக."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உங்கள விட்டுட்டு எப்படிப் போனா?"

"போகவே இல்லடி. சட்டையப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னுட்டா. பிச்சுத்தான் எடுத்தாங்க."

அப்புறம் என் தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள். "நல்லவேளை. காது குத்துன கோவம் போயிருச்சு போல."

ஆமாம், போய்விட்டது என்றேன்.