கண்ணாடி பளிச்சுன்னு ஆனப்புறம்

பெரியவனே, உங்கப்பாவ கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். சோறு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு. கார் சாவிய பருப்பு டப்பாக்குள்ள ஒளிச்சிட்டேன், அவர்கிட்ட மூச்சு விடாத.

நேத்து நீ "உங்களுக்குக் கண்ணு தெரியல, இனி ஓட்டாதீங்க"ன்னு கத்தினயே, அந்த ரோஷம். "கண்ணுல கோளாறு இல்ல, கார் கண்ணாடில ஒட்டின கருப்பு ஃபிலிம்தான் பழசாகி குமிழ் குமிழா இருக்கு"ன்னு காலைலேர்ந்து உரிச்சார். தலமுடி காய வைக்கற மிஷின்ல சூடு காட்டி, பசைய பிளேடால சுரண்டி, சும்மா சொல்லக்கூடாது, பளிச்சுன்னு ஆக்கிட்டார்.

அப்புறம் உள்ள ஏறி உக்காந்தார். நான் அவர் ஜன்னலுக்கு வெளியிலயே டீயோட நிக்கறேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, வண்டி எடுக்கணும்"ங்கறார்! "அய்யோ, நான்தாங்க"ன்னேன். குரல் கேட்டதும் மொகமே வெளுத்துப்போச்சு. கார விட்டு எறங்கி வந்துட்டார்டா.

நேத்து அவர் பக்கம் பேசினது என் தப்புதான். "நான் அப்பவே சொன்னேன்"னு மட்டும் ஆரம்பிச்சிடாத.

மறந்துட்டேன், பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து நீயே கூட்டிட்டு வந்துடு. நேத்து வரைக்கும் இந்தக் கண்ண வெச்சிக்கிட்டுதான்டா அவர் அவள கார்ல கூட்டிட்டு வந்திருக்கார்.