ஜாடிக்கு ஊற்றிய தண்ணீர்

என் அருமை அண்ணிக்கு,

நீ கண்ணாடி ஜாடிக்குள் வளர்த்த பெரணிச் செடி சாகக் கிடந்தது. காரணம் நான்தான். வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டே பேர். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வருடம் மண்டை உடையாமல் இருந்தோம் என்றால் காவாந்தண்டலத்தில் யார் நம்புவார்கள்? சண்டை போடாத நாள் உண்டா நமக்கு? இப்போது சண்டைக்குக்கூட ஆளில்லை. பேசாமலே கிடந்து, நேற்று பால்காரரிடம் பேச வாயைத் திறந்தால் குரலே வரவில்லை.

நம் பெட்டிக்கடையை மூடியபோது மிட்டாய் ஜாடிகளை எல்லாம் பழைய சாமான்காரருக்குப் போட்டேன். ஒன்றை மட்டும் நீ பிடுங்கி வைத்துக்கொண்டாய். போனில் எதையோ பார்த்துவிட்டு, அடியில் பாலாற்றுக் கூழாங்கல், அதன்மேல் அடுப்புக்கரி, மண், கிணற்றுச் சுவரில் சுரண்டிய பாசி, நடுவில் சின்னதாக ஒரு பெரணி என்று அடுக்கினாய்.

"ஊரே ஏரித் தண்ணில பயிர் வெக்குது, நீ இன்னா அண்ணி ஜாடில வெக்கிற?" என்று கேலி செய்தேன்.

நீ லேசாகத் தண்ணீர் தெளித்து மூடியைத் திருகினாய். "இனிமே இத தொடாத. அதுவே வேர்த்து அதுவே குடிச்சிக்கும். நீதான் தண்ணி குடிக்காம வாய் காஞ்சி கெடக்கற" என்றாய்.

நீ போன அன்று, உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றிச் சொம்பில் தண்ணீர் வைத்தேன். தினமும் காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் சொம்பை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் கை பாட்டுக்குச் சொம்பை நிரப்பிவிட்டது. நிரப்பியதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது, அண்ணி? ஜாடியைத் திறந்தேன்.

அன்றோடு விட்டேனா? தினமும் ஒரு கை ஊற்றினேன். கூழாங்கல் மூழ்கிற்று, பாசி கறுத்தது. எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தேவகிதான் வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னாக்கா இது நாத்தம்? ஜாடில கொளம் மாரி தண்ணி நிக்குது. நீயே செடிய சாவடிச்சிக்கினு கீற."

அவள் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். நீ மூடியதை நான் ஏன் திறந்தேன்? நீ போன அன்றுகூட நான் இவ்வளவு அழவில்லை. அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், காபி போடவே நேரம் சரியாக இருந்தது.

ஜாடியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தேன். அழுகியதைக் கரண்டியால் அள்ளினேன். நான்கு நாள் நிழலில் திறந்து வைத்தேன். பெரணியில் ஒரே ஒரு கொழுந்து மட்டும் சுருண்டு, பச்சையாக இருந்தது. போதும் என்று மூடியைத் திருகினேன்.

இன்று காலை கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது, அண்ணி. நீ சொன்ன மாதிரியே. அதற்கு நான் தேவையே இல்லை. அதைப் பார்த்ததும் சந்தோஷமாகவும் இருந்தது, யாருக்கும் வேண்டாதவளாகப் போன மாதிரி துக்கமாகவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் இருப்பது எப்படி என்று எனக்கு ஏன் சொல்லித்தராமல் போனாய்?

இனி அந்த மூடியைத் தொட மாட்டேன், உன்மேல் சத்தியம். ஆனால் இந்தக் கை சொன்னபடி கேட்காது. நாளைக் காலையும் சொம்பை நிரப்பத்தான் போகிறது. நிரப்பட்டும். ஜாடிக்கு எதிரே உட்கார்ந்து, அந்தத் தண்ணீரை நானே குடித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சண்டைக்கு ஆளில்லாத உன் நாத்தனார்,
செல்வி