செசிலி பிடித்த கம்பி

மே 2, சனி
விடியலில் மழை. எட்டு மணிக்கு விட்டது. லாஞ்ச் படகின் இரண்டு பாட்டரியையும் திறந்து திராவகம் பார்த்தேன். ஒன்றில் தகடு வெளியே தெரிகிறது. ஜாடியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் ஊற்றி மூடினேன். வேட்டியில் இன்னொரு ஓட்டை.

முன்பு நீராவி லாஞ்சில் கரி அள்ளினேன். இப்போது மோட்டார் லாஞ்ச், பெட்ரோல் எஞ்சின், டிரைவர் என்று பெயர். ஆனால் பாட்டரி செத்தால் தீப்பொறி இல்லை. பொறி இல்லாவிட்டால் எஞ்சின் வெறும் இரும்பு.

ஊரிலிருந்து வந்த என் சம்சாரம் செசிலிக்குச் செயின்ட் ஜான் தீவில் இது பன்னிரண்டாம் நாள். கப்பலில் யாருக்கோ அம்மை கண்டதால் டெக்கில் வந்த எல்லாரையும் அங்கே இறக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் பொறுத்தாயிற்று. இந்தப் பன்னிரண்டு நாள்தான் பொறுக்க முடியவில்லை.

மே 4, திங்கள்
நாளை விடுகிறார்களாம்! மரைக்காயர் முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டேன்.

"லீவு எதுக்கு? லாஞ்சை எடுத்துட்டுப் போ. உன் சம்சாரம் தோங்காங் சரக்குப் படகுல மூட்டையோட மூட்டையா வரணுமா?"

கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற லாஞ்ச். அதை எனக்காக ஒரு நாள் விடுகிறார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

உபரி பாட்டரியை டிராம் பவர் ஹவுஸுக்குச் சுமந்து போனேன். சார்ஜ் ஏற்றும் வைத்திலிங்கம் அண்ணன் கம்பி மாட்டிக்கொண்டே, "நாளைக்குச் சாயங்காலம் வா," என்றார்.

"காலையிலயே வேணும் அண்ணே."

"பாதிதான் ஏறியிருக்கும். அப்புறம் என்னைத் திட்டாத."

வாங்கியவை: பாய் 1, சட்டி 2, முகம் பார்க்கிற கண்ணாடி. சீப்பு மறந்துவிட்டேன்.

மே 6, புதன்
நேற்று எழுத முடியவில்லை. முழுதும் எழுதி வைக்க வேண்டும்.

நல்ல வெயில். நானும் சேராங் பாக் அலியும்தான். சுக்கான் அவர், எஞ்சின் நான். பத்து மணிக்கெல்லாம் தீவு. துறையில் பெண்கள் கூட்டம். நீலப் புடவையில் செசிலி. மெலிந்திருந்தாள். எஞ்சினை நிறுத்தியது தெரியும், குதித்து ஓடியது தெரியும். பாட்டரி சுவிட்சை அணைக்கவில்லை.

காகிதம், கையெழுத்து, டாக்டர் பார்வை. மூன்று மணி நேரம். அவ்வளவு நேரமும் பாட்டரியின் சார்ஜ் சும்மா ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. மீதியிருந்ததை வைத்து எஞ்சின் கிளம்பிவிட்டது. பாதி வழியில் இரண்டு தரம் இருமி நின்றது. சோதிக்கிற சின்ன பல்பை மாட்டினேன். பல்புக்குள் கம்பி சிவப்பாகக்கூட ஆகவில்லை.

உபரியை மாட்டினேன். கிளம்பியது, நூறு கஜம் போனது, நின்றது. பாதி சார்ஜ்.

"ஆருஸ் கூவாட்!" என்றார் பாக் அலி. நீரோட்டம் கடுமை. நங்கூரம் போட்டார், தரை எட்டவில்லை. லாஞ்ச் பக்கவாட்டில் நகர்ந்தது. எதிரே பாறைமேல் வெள்ளையாக நுரை. அவர் துடுப்பை எடுத்துக்கொண்டார். அந்த லாஞ்சுக்கு ஒரு துடுப்பு எந்த மூலைக்கு?

செசிலி அழவில்லை. "என்னாங்க, என்ன ஆச்சு?"

"சுவிட்சை மறந்துட்டேன். என் தப்பு."

"சரி. இப்ப என்ன செய்யணும்?"

அந்தக் கேள்விதான் எனக்குப் புத்தியைக் கொடுத்தது. இரண்டு பாட்டரியையும் வரிசையாகச் சேர்த்தால் இரண்டின் பலமும் கூடும். சேர்த்தேன். ஆனால் ஒன்றில் கம்பி மாட்டுகிற முனையைத் திராவகம் அரித்திருந்தது, திருகும்போது கையோடு வந்துவிட்டது. கம்பியை மிச்சக் கட்டையில் அழுத்தினால் பொறி வருகிறது. எஞ்சின் அதிர்ந்தால் விலகுகிறது. எனக்கோ இரண்டு கையும் எஞ்சினில் வேண்டும்.

செசிலி உட்கார்ந்தாள், முந்தானையை நாலாக மடித்தாள், கம்பியை வாங்கி அழுத்தினாள். "இப்பிடியா?"

"அப்படியேதான். விட்டுடாத."

எஞ்சின் பிடித்தது. பாறை எங்களுக்கு இருபது கஜத்தில் பின்னால் போனது. பாக் அலி சத்தமாக ஏதோ ஓதினார். நான் மாதாவே, மாதாவே என்று மட்டும்.

முக்கால் மணி நேரம் பிடித்திருந்தாள். கை மாற்றவில்லை. ஜான்ஸ்டன் துறையில் கட்டியதும், "இப்ப விடலாமா?" என்று கேட்டாள். திராவகம் பட்டு விரல் நுனி வெந்திருந்தது. முந்தானை சல்லடை. சோடா மாவு கரைத்த தண்ணீரில் அவள் கையை வைத்துக்கொண்டு நான்தான் அழுதேன். பக்கத்துப் படகில் யாரோ, "மோட்டார்காரனுக்கு என்னாச்சு?"

மே 8, வெள்ளி
வெக்கை. முதலாளியிடம் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொழுகை முடித்து வந்தவரிடம் நின்றபடியே சொன்னேன். சுவிட்சு, பாறை, எல்லாம். வேலை போனால் போகட்டும்.

தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "உன் சம்சாரம் கை எப்படி இருக்கு?"

"ஆறிட்டு வருது முதலாளி."

"அல்லா காப்பாத்தினான். சுவிட்சை எஞ்சின் பக்கத்துல வச்சா மறக்கத்தான் செய்யும். இறங்குற படிகிட்ட மாத்து."

அவ்வளவுதான்.

செத்த பாட்டரியின் தகடு வெளுத்துவிட்டது. வைத்திலிங்கம் அண்ணன் திட்டினார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு நாள் ஏற்றிப் பார்க்கிறேன் என்றார். புது முனையும் ஈயத்தில் வார்த்துத் தருகிறார். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். மீன் குழம்பு என்றால் வருவாராம்.

மே 10, ஞாயிறு
பூசை. மெழுகுவர்த்தி மூன்று. முதலாளிக்கு ஒன்று, பாக் அலிக்கு ஒன்று, வைத்திலிங்கம் அண்ணனுக்கு ஒன்று. அவர்கள் யாரும் நம் கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை. பரவாயில்லை.

திரும்பும்போது சிராங்கூன் ரோட்டில் மாட்டு மந்தைக்கு ஒதுங்கி நின்றோம். அப்போதுதான் உறைத்தது, செசிலிக்கு இன்னும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. அங்கேயே சொன்னேன். நீ பிடிக்காவிட்டால் நான் இல்லை என்று.

ஒரு மாதிரி பார்த்தாள். "நான் மட்டும் கரையில நின்னுட்டிருந்தேனாக்கும்? நானுந்தான் அதே படகுல இருந்தேன்."